அக்காவுக்கு ஏற்ற எடிட்டர்

டீச்சருக்குக் குரல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரேயடியாகப் போய்விடவில்லை. இருபத்தேழு வருஷம் ஐம்பது ஐம்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கணக்குச் சொல்லிக் கொடுத்த தொண்டையில் முடிச்சு முடிச்சாக ஏதோ வளர்ந்தது. டாக்டர் அதை வெட்டி எடுத்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் மிச்சமிருந்தது. கடைசி பெஞ்சுக்கு எட்டாத குரலை வைத்துக்கொண்டு வகுப்பில் என்ன செய்வது? பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள்.

மற்றவர்கள் சும்மா இருந்தால் அது ஓய்வு. டீச்சர் சும்மா இருந்தால் வீட்டுக்கே ஜுரம் வந்த மாதிரி. முதல் மாதம் அலமாரியை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். இரண்டாவது மாதம் அதுவும் இல்லை. அவள் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். காலையில் கடைக்குக் கிளம்பும்போது ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி, சாயங்காலம் திரும்பி வரும்போதும் அதே நாற்காலியில் இருந்தாள். மனிதர் பயந்துபோய் மச்சானுக்குப் போன் போட்டார்.

மச்சான் என்றால் டீச்சரின் ஒரே தம்பி. கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவன், முனைவர் பட்டம் வாங்கியவன், வயது நாற்பத்தைந்து, முன்நெற்றியில் முடி விடைபெற்றாயிற்று. இருந்தாலும் இந்த வீட்டில் அவனுக்குப் பெயர் சின்னவன்தான்.

"உன்கிட்ட எத்தனை நோட்டுக்கா இருக்கு?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்டான்.

"பத்தொன்பது."

"அத்தனையும் நீயே போட்ட கணக்கா?"

"பின்ன, பக்கத்து வீட்டுலேர்ந்து இரவல் வாங்கினதா?"

"அப்போ புத்தகமா போட்டுடலாம். கணக்கு உன்னுது, விளக்கம் என்னுது. பன்னெண்டு அத்தியாயம். அட்டையில ரெண்டு பேர் பேரும் இருக்கும். உன் பேருதான் முதல்ல."

டீச்சர் அந்த அட்டையை மனசுக்குள் பார்த்தாள். தன்னால் இனி எட்ட முடியாத கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒருவன் எங்கேயோ அந்தப் புத்தகத்தைத் திறப்பான், அட்டையில் தன் பெயரைப் பார்ப்பான், 'இந்த அம்மா நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறாள்' என்று நினைப்பான். இதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இதற்குக் குறைந்தும் எதுவும் போதாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சின்னவன் அவள் லேப்டாப்பில் அச்சுக்கோர்ப்பு மென்பொருளை ஏற்ற உட்கார்ந்தான். சாதாரணமாக டைப் அடிக்கிற மென்பொருளில் செய்தால் பின்னமும் வர்க்கமூலமும் குடை சாய்ந்துபோகும், இதில்தான் நிமிர்ந்து நிற்கும் என்றான். இங்கே தலைப்பு, இங்கே பின்னம் என்று நாம் கட்டளையாக எழுதிவிட்டால் போதும், அதுவே கோர்த்து அச்சுப் பக்கமாகக் கொடுத்துவிடுமாம். காலையில் இறங்க ஆரம்பித்தது மதியச் சாப்பாடு ஆன பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக முடிந்ததும் டீச்சர் ஆசையாகத் திறக்கப் பார்த்தாள். திறப்பதற்கு ஒன்றுமே இல்லை.

"எங்கடா அது?"

"அது உள்ள இருக்கும்க்கா. அதுக்கு முகம் கிடையாது. எழுதறதுக்குத் தனியா ஒரு எடிட்டர் போடணும்."

"முகமே இல்லாததையா அரை நாளா இறக்கினே?"

எடிட்டர் என்றால் அதிலும் ஒன்றா இரண்டா, ஊர்ப்பட்டது இருந்தது. சின்னவன் தன்னுடையதைத் திறந்து காட்டினான். இடது பக்கம் கட்டளைகளோடு எழுதியது, வலது பக்கம் அது அச்சில் எப்படி வரும் என்கிற பக்கம். டீச்சருக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. சின்னவன் தலையை ஆட்டினான்.

"உனக்கு இது சரிப்படாதுக்கா. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கும். உனக்கு ஏத்தது ஒண்ணு வச்சிருக்கேன்."

அவன் போட்டது கட்டளைகளையெல்லாம் உள்ளே ஒளித்துவிட்டு, பக்கத்தை மட்டும் பளிச்சென்று காட்டுகிற எடிட்டர். எழுதினால் நேராகப் புத்தகத்திலேயே எழுதுகிற மாதிரி இருந்தது. சுலபம்தான், குறை சொல்ல முடியாது. கோப்புகள் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு கோப்புறையில் இணையத்தில் இருக்கும். அவள் இங்கே ஒரு வரி எழுதினால் அவன் வீட்டில் தெரியும், அவன் எழுதினால் இங்கே தெரியும்.

டீச்சர் ஒரே ஒரு சட்டம் போட்டாள். எதையும் அழிக்கக்கூடாது. விடைத்தாள் திருத்தித் திருத்தி அவளுக்கு ரப்பர் என்றாலே ஆகாது. தப்பான வழியை அழித்துவிட்டுச் சரியான விடையை மட்டும் எழுதி வைக்கிற பிள்ளைக்கு எங்கே புரியவில்லை என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்பாள். அதிலும் இரண்டு கை புழங்குகிற கோப்பு, ஒருவர் அழித்தது மற்றவருக்குத் தெரியாமலே போகும்.

"அதுக்கென்ன, இதுல அழிக்கவே வேண்டாம்" என்றான் சின்னவன். "வேண்டாத வரிக்கு முன்னால ஒரு சதவீதக் குறி போட்டா போதும். அச்சுல வராது, ஃபைல்ல அப்படியே கிடக்கும். உன் எடிட்டர்ல இந்தப் பொத்தானை அமுக்கு, அதுவே குறியைப் போட்டு வரியை மறைச்சுடும்."

"மறைச்சதை நான் எப்படிப் பார்க்கறது?"

"அதெல்லாம் என் பக்கம் தெரியும். நான் பார்த்துக்கறேன்."

தம்பி பார்த்துக்கொள்கிறேன் என்றால் அக்காவுக்கு அதற்கு மேல் என்ன கேள்வி இருக்கும்? அவளும் விட்டுவிட்டாள்.

பத்து மாதம் டீச்சர் எழுதினாள். ஜன்னல் பக்கத்து நாற்காலி மேஜைக்கு இடம் மாறியது. பத்தொன்பது நோட்டையும் பிரித்து, ஒத்த கணக்குகளை ஒன்று சேர்த்து, ஒவ்வொன்றையும் மறுபடி போட்டுப் பார்த்து, விடை சரி என்று கண்ட பிறகே ஏற்றினாள். விளக்கம் என்னுடையது என்று சொன்ன சின்னவன் முதல் மூன்று அத்தியாயத்துக்கும் முன்னால் ஒன்றரைப் பக்கம் எழுதினான். நான்காம் அத்தியாயத்திலிருந்து அதையும் அவளே எழுதினாள். அவனுக்குக் கல்லூரி வேலை அதிகம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பதினொன்று முடிந்தது. கடைசியாக வைத்திருந்த பன்னிரண்டாவது, அவளுக்கு ரொம்பப் பிடித்த எண்ணிக்கைக் கணக்குகள். ஆறு வாரமாக அதில்தான் இருந்தாள். சின்னவன் வாரம் தவறாமல் போனில் கேட்பான்.

"பன்னெண்டு எப்படிப் போகுது? அவசரமே இல்லக்கா, நிதானமா பண்ணு."

அந்த நேரம் பார்த்து லேப்டாப் படுத்துவிட்டது. என்ன அமுக்கியும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரர் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். கோப்புகள் இணையத்தில் பத்திரமாக இருந்தன. மென்பொருளும் எடிட்டரும்தான் புதிதாக ஏற்ற வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை வந்து போட்டுத் தர்றேன்" என்றான் சின்னவன் போனில். "அதுவரைக்கும் நீ எதையும் நோண்டாதே, என்ன?"

வீட்டுக்காரரும் அதையே சொன்னார். "அவன் வந்து போடட்டுமே. உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

அன்றைக்கு செவ்வாய்க்கிழமை. இன்னும் ஒன்பது கணக்குதான் பாக்கி. ஐந்து நாள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க டீச்சரால் ஆகுமா? அன்றைக்கே இறக்க ஆரம்பித்தாள். புதன்கிழமை காலை, வீட்டுக்காரர் கடைக்குப் போன பிறகு, எடிட்டர் தேட உட்கார்ந்தாள். சின்னவன் போட்டிருந்த எடிட்டருக்கு என்ன பெயர் என்று அவள் கவனித்ததே இல்லை. சரி, கிடைப்பதைப் போடுவோம் என்று துணிந்தாள்.

முதலில் போட்டது கறுப்புத் திரையாக வந்தது. உள்ளே போக வழி இருந்தது, வெளியே வரத்தான் வழி இல்லை. எதை அமுக்கினாலும் கீக் கீக் என்று கத்தியது. கடைசியில் கணினியையே அணைத்துத் தப்பித்தாள். இரண்டாவதில் பொத்தான்கள் மட்டுமே இருநூறு இருக்கும், எழுத இடம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மூன்றாவது, இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் அச்சில் வரும் பக்கம். அட, சின்னவனிடம் பார்த்தேனே, அதே மாதிரிதான் என்று உற்சாகமாகிவிட்டாள். அச்சுப் பக்கம் எடுக்க முதல் தடவை ஓட்டியபோது எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. உதவிப் பக்கத்தைப் படித்து, பக்கம் கோர்க்கிற வேலையைத் தமிழ் தெரிந்த எஞ்சினுக்கு மாற்றினாள். இரண்டாம் தடவை, 'வரி இருநூற்றுப் பதினான்கில் அடைப்புக்குறி மூடவில்லை' என்று சொல்லி நின்றுவிட்டது. தப்பு எந்த வரியில் என்று விரல் வைத்துக் காட்டுகிற எடிட்டரை டீச்சருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மூன்றாம் தடவை பக்கம் பக்கமாக வந்து விழுந்தது. முகமில்லாததற்கு நானே முகம் வைத்துவிட்டேன் என்று தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டாள். இத்தனைக்கும் எனக்குச் சரிப்படாது என்றானே, படவா.

அப்புறம்தான் இடது பக்கத்தைப் பார்த்தாள். எழுத்துகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் வரிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சதவீதக் குறி. அவள் பொத்தானை அமுக்கி மறைத்த வரிகள் எல்லாம் அங்கங்கே அப்படியே கிடந்தன. பழைய நோட்டைப் புரட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தபடி கோப்பின் தலைமாட்டுக்குப் போனாள். அங்கே தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன, அவளுடையது முதலில். அதற்கும் கீழே, அவள் எழுதாத சாம்பல் வரிகள்.

'அச்சுக்கு அனுப்பும்போது மேலே உள்ள பெயர்களை எடுத்துவிட்டு இதைப் போடவும்' என்று ஒரு வரி. அடுத்த வரியில் ஒரே ஒரு பெயர், முனைவர் பட்டத்தோடு.

'உங்கள் அக்காவுக்குத் தெரியுமா?' இது பதிப்பகத்துக்காரர், அவருக்கும் கோப்புறையைத் திறந்து விட்டிருக்கிறான். வரி முடிவில் அவருடைய பதிப்பகத்தின் சுருக்கப் பெயர் இருந்தது.

'தெரியாது. அவருடைய எடிட்டரில் இந்த வரிகள் தெரியாது. பார்த்துத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.'

முன்னுரையிலும் ஒரு சாம்பல் வரி இருந்தது. 'தட்டச்சு செய்து உதவிய என் தமக்கையாருக்கு நன்றி.'

டீச்சர் அந்த வரியை மூன்று தடவை வாசித்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். பெயரை எடுத்தது கூட அப்புறம்தான் உறைத்தது. முதலில் உறைத்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கே, புத்தகத்தில் ஒரு எழுத்துகூட ஏறுவதற்கு முன்னாலேயே, இவளுக்கு எது தெரியக்கூடாது என்று யோசித்து எடிட்டர் தேர்ந்தெடுத்திருக்கிறான். அக்காவுக்கு ஏற்றது என்றானே, அது இதுதான். எதையும் அழிக்கக்கூடாது என்று அவள் போட்ட சட்டத்தை மட்டும் யோக்கியனாகக் காப்பாற்றியிருக்கிறான். கூடப் பிறந்தவனே குழி பறித்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று நினைத்தாள். நினைத்ததும் அழுகை வந்தது. அழவும் குரல் வேண்டும் போலிருக்கிறது, சத்தமே வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் கையைப் பிடித்து இழுத்து வந்து திரையைக் காட்டினாள். ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கண்ணாடி கொடுக்கிறவர், தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு வாசித்தார். ரொம்ப நேரம் வாசித்தார்.

"ஏதாவது காரணம் இருக்கும்" என்றார். "அவன் வரட்டும். பேசிக்கலாம்."

அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். இவராவது இருக்கிறாரே என்று இருந்தது.

சின்னவன் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே, "எங்க புது லேப்டாப்? அரை நாள்ல முடிச்சுடறேன்" என்றான். டீச்சர் மேஜையைக் காட்டினாள். எடிட்டர் திறந்தே இருந்தது. சாம்பல் வரிகள் நடுத் திரையில் இருந்தன. அவன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான்.

"இதை யாரு போட்டுக் குடுத்தா?"

இதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

"நானேதான் போட்டேன்."

"நீயா?"

"ஏன், எனக்குச் சரிப்படாதுன்னு நினைச்சியா?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வீட்டுக்காரர் வாசல் பக்கம் ஒரு எட்டு வைத்தவர், என்ன நினைத்தாரோ, அங்கேயே நின்றுவிட்டார்.

"சொல்லிடலாம்னுதான் இருந்தேன்க்கா" என்றான் சின்னவன்.

"எப்போ? புத்தகம் பழைய பேப்பர் கடைக்குப் போனதுக்கு அப்புறமா?"

"பதிப்பகத்துல ஒத்துக்கலை. இதைக் காலேஜ் புத்தகமா விக்கப் போறாங்க, ஸ்கூல் டீச்சர் பேரு போட்டா எந்தக் காலேஜும் எடுக்காதுங்கறாங்க. எனக்கும் பதவி உயர்வுக்கு மனு போடணும், நானே தனியா எழுதின புத்தகம் ஒண்ணு வேணும். உன்னை விட்டுடலையேக்கா. முன்னுரையில நன்றி சொல்லியிருக்கேன்."

"டைப் அடிச்சதுக்கு."

டீச்சர் அவன் பக்கத்தில் போய் நின்றாள். பேசப் பேசக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. இருந்ததை வைத்துச் சொன்னாள்.

"இங்க பாரு. அந்த நன்றி வரியை எடுத்துடு. ரெண்டு பேர் பேரையும் வச்சே அச்சுக்கு அனுப்பு. என் பேரு ரெண்டாவதா இருந்தாலும் பரவாயில்ல. மத்ததை நான் மறந்துடறேன்."

மறந்தும்விடுவாள். தம்பி விஷயத்தில் அவள் மனசு அப்படிப்பட்டது. நான்கு நாளாக அவள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் வேறு வார்த்தைகள், அவன் முகத்தைப் பார்த்ததும் வந்தது இதுதான்.

"முடியாதுக்கா" என்றான். "போன மாசமே அச்சுக்குப் போயாச்சு. அது வேற பிரதி. இது சும்மா உன் பார்வைக்கு இருக்கறது."

"போன மாசமா? பன்னெண்டாவது இன்னும் என்கிட்டதானேடா இருக்கு?"

"பதினொண்ணே போதும்னுட்டாங்க."

ஆறு வாரம். அவசரமே இல்லை, நிதானமாகப் பண்ணு என்று வாரா வாரம் போன்.

"அப்புறம் ஏன்டா என்னை எழுத விட்டே?"

சின்னவன் வாசலோரம் நின்றவரைப் பார்த்தான். டீச்சரும் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேன்" என்றார் வீட்டுக்காரர். "புத்தகம் முடிஞ்சுடுச்சுன்னா நீ மறுபடி அந்த ஜன்னல்கிட்ட போய் உட்கார்ந்துடுவியோன்னு பயமா இருந்துச்சு. எழுதிக்கிட்டே இருக்கட்டும்னேன். உன் நல்லதுக்குத்தான்."

"பேரை எடுக்கறதும் உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவனுக்கு அது வேலையில உபயோகப்படும். உனக்கு இனிமே அட்டையில பேரு வந்து என்ன ஆகப்போகுது? யாரோ எவரோவா, நம்ம வீட்டுப் பையன்தானேன்னு நினைச்சேன்."

அப்படியானால் புதன்கிழமை சாயங்காலம், அந்த வரிகளை அத்தனை நேரம் வாசித்தாரே, அது புதிதாக வாசித்தது இல்லை. என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்த நேரம் அது. அந்தத் தோளில்தான் அவள் சாய்ந்திருந்தாள். தம்பி செய்தது நெஞ்சில் குத்தியது என்றால், இது வேறு மாதிரி இருந்தது. உடம்பெல்லாம் கூசியது. பத்து மாதமும் இரண்டு பேரும் சேர்ந்து, அழுகிற குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுகிற மாதிரி தன் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து வைத்திருந்தார்கள் என்று நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது. தப்புச் செய்தவர்கள் நிமிர்ந்து நிற்க, வெட்கம் மட்டும் அவள் பங்குக்கு வந்தது.

"நீ கிளம்பு" என்றாள் சின்னவனிடம்.

"அக்கா, நான்..."

"கிளம்புடா."

அவன் போன பிறகு மேஜையில் உட்கார்ந்தாள். பன்னிரண்டாவது அத்தியாயத்தைப் பொதுக் கோப்புறையிலிருந்து வெளியே எடுத்துத் தன் கணினியில் தனியாக வைத்தாள். புதிதாக ஒரு தலைக் கோப்பு எழுதினாள். தலைப்பு, கீழே தன் பெயர் மட்டும், அதற்குக் கீழே அந்த அத்தியாயம். பாக்கி ஒன்பது கணக்கையும் போட்டாள். இடையில் வீட்டுக்காரர் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டார், அவள் எழுந்திருக்கவில்லை. நான்கு மணி வாக்கில் ஓட்டினாள். வலது பக்கத்தில் பக்கங்கள் வந்தன.

இந்த மென்பொருளில் அத்தியாய எண்ணை யாரும் கையால் போடுவதில்லை. முன்னால் எத்தனை இருக்கிறது என்று அதுவே எண்ணிப் போட்டுக்கொள்ளும்.

வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. சமாதானமாக ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்திருப்பார், திரையை எட்டிப் பார்த்தார்.

"அத்தியாயம் ஒண்ணுன்னு வந்திருக்கே. இது பன்னெண்டுதானே? எங்கயோ தப்பா போட்டிருக்கே போல. தம்பிக்குப் போன் பண்ணிக் கேட்கட்டுமா?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் டீச்சர். "முன்னாடி பதினொண்ணு இருந்தாத்தானே இது பன்னெண்டு. அதைத்தான் நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கிட்டீங்களே."